பதினோராவது ரவை

2011 ஜனவரி 8, சனிக்கிழமை காலை. அரிசோனா மாநிலத்தில் டூசான் நகரை ஒட்டிய ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் மேசை போட்டு, தொகுதி மக்களிடம் குறை கேட்டுக்கொண்டிருந்தார் நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸ். திடீரென்று ஓர் இளைஞன் கைத்துப்பாக்கியோடு பாய்ந்து வந்தான். எல்லாம் முடிய அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆறு பேர் இறந்தார்கள். கிஃபர்ட்ஸோடு சேர்த்து 13 பேர் குண்டடி பட்டுக் கிடந்தார்கள். அவன் கையிலிருந்த துப்பாக்கியின் அடியில் ஒரு சாண் நீளத்துக்குத் துருத்திக்கொண்டிருந்த கூட்டில் 33 ரவை கொள்ளும். அது தீர்ந்ததும் பையிலிருந்து அடுத்ததை எடுத்தான். எடுத்தது தரையில் விழுந்தது. கீழே கிடந்த 61 வயதுப் பெண்மணி ஒருவர் அதைக் கைப்பற்றிக்கொண்டார். தலையில் குண்டு உரசி ரத்தம் வழிந்த ஓய்வுபெற்ற கர்னல் ஒருவரும் மற்றவர்களும் அவனை அமுக்கிப் பிடித்தார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து கிஃபர்ட்ஸின் கணவரும் முன்னாள் விண்வெளி வீரருமான மார்க் கெல்லி, செனட் குழு முன்பு சாட்சி சொன்னார். முதல் குண்டு தன் மனைவியின் தலையில் பாய்ந்தது, பதின்மூன்றாவது குண்டு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் உயிரைக் குடித்தது என்று எண்ணிச் சொன்னார். கூட்டில் பத்து ரவை மட்டுமே இருந்திருந்தால் அந்தக் குழந்தை இன்று உயிரோடு இருந்திருப்பாள் என்பது அவருடைய வாதம்.

கொலைகாரன் வைத்திருந்தது க்ளாக் 19 என்ற சாதாரணக் கைத்துப்பாக்கி. 1994இல் அமெரிக்கா கொண்டுவந்த புகழ்பெற்ற தடைச் சட்டத்தின் பட்டியலில் அது கிடையாது. அதில் மாட்டியிருந்த 33 ரவைக் கூட்டின் கதை வேறு. அதைப் புதிதாகத் தயாரித்துப் பொதுமக்களுக்கு விற்பது 2004 செப்டம்பர் வரை குற்றமாக இருந்தது. தடையின் ஆயுள் முடிந்தது, கூடு கடைக்கு வந்தது. தாக்குதல் துப்பாக்கித் தடையால் பலன் உண்டா என்று முப்பது ஆண்டுகளாக நடக்கும் சண்டையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஒரே சட்டத்தில் இரண்டு சரக்கைக் கட்டிவிட்டார்கள். ஒன்று துப்பாக்கியின் தோற்றம், மற்றொன்று அதில் அடங்கும் ரவையின் எண்ணிக்கை. சத்தமெல்லாம் முதலாவதைப் பற்றி எழுந்தது. சான்றுகள் கொஞ்சமாவது கைகொடுப்பது இரண்டாவதற்கு.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் ‘மேகசின்’ என்று எழுதுவதை ஈழத்தில் ‘ரவைக்கூடு’ என்பார்கள். முப்பதாண்டுப் போர் அந்தச் சொல்லை அங்கே வீட்டுச் சொல்லாக்கிவிட்டது. பொருளைப் பார்த்தவுடன் விளங்கும் சொல் என்பதால் இங்கும் அதுவே இருக்கட்டும்.

‘தாக்குதல் துப்பாக்கி’ என்ற பெயரிலேயே தகராறு தொடங்கிவிடுகிறது. படையினரின் தாக்குதல் ரைஃபிளில் ஒரு சிறு திருகு உண்டு. அதைத் திருப்பினால் விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை ரவை சீறிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட இயந்திரத் துப்பாக்கிகளை அமெரிக்கா 1934லேயே வரி, பதிவு என்று கட்டுக்குள் கொண்டுவந்தது. 1986க்குப் பிறகு புதிதாகச் செய்ததைக் குடிமக்கள் வாங்கவே முடியாது. கடையில் விற்பது அரைத் தானியங்கி. ஒரு அழுத்தலுக்கு ஒரு ரவை, அடுத்தது தானாக ஏறி உட்காரும். ஏஆர்-15 என்பதில் உள்ள ‘ஏஆர்’ ஆர்மலைட் என்ற கம்பெனியின் பெயரிலிருந்து வந்தது. யூஜின் ஸ்டோனர் என்ற பொறியாளர் 1950களில் அங்கே வடிவமைத்த துப்பாக்கி அது. காப்புரிமை கோல்ட் நிறுவனத்துக்குப் போய், எம்-16 என்ற பெயரில் வியட்நாம் போருக்குப் போனது. அதன் குடிமக்கள் பதிப்பு 1964இல் சந்தைக்கு வந்தது. உறுப்புகளில் பெரும்பாலானவை ஒன்றே, அந்தத் திருகு மட்டும் இல்லை. துப்பாக்கி ஆர்வலர்கள் இதைக் காட்டித்தான் வேட்டைத் துப்பாக்கிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குச் சட்டம் எழுதியவர்கள் சொன்ன பதில்தான் சொதப்பல்.

பதில் தேடும் அவசரம் எங்கிருந்து வந்தது என்றால், கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரிலிருந்து. 1989 ஜனவரி 17 அன்று ஓர் ஆரம்பப் பள்ளியின் விளையாட்டு மைதானத்தில், ஏகே ரகத் துப்பாக்கியால் நூறு ரவைக்கு மேல் சுட்டான் ஒருவன். ஐந்து குழந்தைகள் இறந்தார்கள், முப்பது பேர் வரை காயப்பட்டார்கள். இறந்த ஐவரும் கம்போடிய, வியட்நாமிய அகதிக் குடும்பத்துப் பிள்ளைகள். போரிலிருந்து தப்பி வந்தவர்களின் குழந்தைகளைத் தேடி, போருக்கென்று செய்த துப்பாக்கியின் நகல் பள்ளிக்கே வந்தது. அந்த ஆண்டே கலிஃபோர்னியா, நாட்டில் முதல் மாநிலமாகத் தடை கொண்டுவந்தது. 1993 ஜூலையில் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஒரு வானுயர் கட்டடத்தில், வழக்கறிஞர் அலுவலகத்துக்குள் புகுந்தவன் எட்டுப் பேரைக் கொன்றான். அந்த நகரின் முன்னாள் மேயரான டயான் ஃபைன்ஸ்டைன் அப்போது செனட்டராகியிருந்தார். மேயர் நாற்காலியில் அவர் உட்கார்ந்ததே, 1978இல் முந்தைய மேயர் நகர மன்றத்தில் சுட்டுக் கொல்லப்பட்டதால். விஷயத்தை அவர் கையில் எடுத்துக்கொண்டார்.

தடை மசோதா பிரதிநிதிகள் சபையில் 216க்கு 214 என்ற கணக்கில் மயிரிழையில் தப்பியது. ஃபோர்டு, கார்ட்டர், ரீகன் என்று மூன்று முன்னாள் அதிபர்கள் கூட்டாகக் கடிதம் எழுதி ஆதரவு கேட்டிருந்தார்கள். ரீகன் குடியரசுக் கட்சிக்காரர் என்பதை இன்று நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1994 செப்டம்பர் 13 அன்று கிளிண்டன் கையெழுத்திட்டார். வாக்குச் சேர்ப்பதற்குக் கொடுத்த விலைகள் இரண்டு. பத்தே ஆண்டுதான் சட்டத்தின் ஆயுள். ஏற்கெனவே கையில் இருப்பதை யாரும் ஒப்படைக்க வேண்டாம்.

சட்டத்தின் வாசகத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். சில மாடல்களைப் பெயர் சொல்லித் தடுத்தார்கள். மற்றவற்றுக்கு ஓர் அங்க அடையாளப் பட்டியல். கழற்றி மாட்டும் ரவைக்கூடு உள்ள அரைத் தானியங்கி ரைஃபிளில், கைத்துப்பாக்கி மாதிரி தனித்து நீட்டிய கைப்பிடி, மடங்கும் பின்கட்டை, குழல் முனையில் கத்தி மாட்டும் பயனெட் கொக்கி, தீப்பொறியை மறைக்கும் மூடி அல்லது அதை மாட்டுவதற்கான திருகுமரை, கையெறிகுண்டு ஏவி ஆகியவற்றில் ஏதாவது இரண்டு இருந்தால் அது தாக்குதல் துப்பாக்கி. ஒன்று மட்டும் இருந்தால் வேட்டைத் துப்பாக்கி. பயனெட்டால் குத்தி அமெரிக்கத் தெருவில் எத்தனை பேர் செத்தார்கள் என்று எதிர்ப்பாளர்கள் கேலி செய்தபோது ஆதரவாளர்களிடம் நல்ல பதில் இல்லை. கைப்பிடியும் பின்கட்டையும் சுடுவதற்கு வசதி தருபவை என்பது உண்மை. என்றாலும் ரவை அதே ரவை, வேகமும் அதே வேகம்.

பட்டறைக்காரர்கள் இந்தச் சட்டத்தை ஒரு மத்தியானத்தில் படித்து முடித்திருப்பார்கள். பயனெட் கொக்கியை அரம் போட்டு எடுத்தார்கள், திருகுமரையை நீக்கினார்கள், கைப்பிடியை மட்டும் விட்டுவைத்தார்கள். கோல்ட் நிறுவனத்தின் ஏஆர்-15 ‘மேட்ச் டார்கெட்’ என்ற பெயரில் போட்டிச் சுடுதல் துப்பாக்கியாக மறுபிறவி எடுத்தது. டெக்-9 என்ற கைத்துப்பாக்கியைச் செய்தவர்கள் புதிய மாடலுக்கு ஏபி-10 என்று பெயர் வைத்தார்கள். ‘தடைக்குப் பின்’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகளாம். இவ்வளவு பட்டவர்த்தனமாகச் சட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தவர்கள் அபூர்வம். 2002 அக்டோபரில் வாஷிங்டன் வட்டாரத்தையே மூன்று வாரம் வீட்டுக்குள் முடக்கிய கொலைகாரர்கள் கார் டிக்கியிலிருந்து சுட்டது, தடைக்கு இணங்கச் செய்த ஏஆர் ரகத் துப்பாக்கியால்தான்.

சட்டத்தின் மறுபாதி எளிமையாக இருந்தது. பத்து ரவைக்கு மேல் கொள்ளும் கூடு எதையும் புதிதாகச் செய்து விற்கக் கூடாது. அங்க அடையாளம் பார்க்கும் வேலை இல்லை, எண்ணத் தெரிந்தால் போதும். ஆனால் இங்கேயும் பழைய சரக்கு காலை வாரியது. தடை தொடங்கியபோது மக்கள் கையில் சுமார் 15 லட்சம் தாக்குதல் துப்பாக்கிகளும், பத்துக்கு மேல் கொள்ளும் கூடுகள் சுமார் இரண்டரைக் கோடியும் இருந்தன என்பது ஆய்வாளர் கிறிஸ்டோஃபர் கோப்பரின் கணக்கு. அதுவும் போதாதென்று, 1994க்கு முன் செய்தவை என்று சொல்லி சுமார் 47 லட்சம் கூடுகள் வெளிநாட்டிலிருந்து சட்டப்படியே இறங்கின. மசோதா விவாதத்தில் இருந்த காலத்திலேயே, நாளைக்குக் கிடைக்காது என்று தொழிற்சாலைகள் இரட்டை ஷிப்ட் கணக்கில் செய்து குவித்தன. தடை பற்றிய பேச்சே தடுக்க வேண்டிய பொருளைப் பெருக்கிவிடும் இந்த வினோதம் அதன் பிறகும் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

பத்தாண்டு முடிந்தபோது என்ன கிடைத்தது? நீதித்துறையின் ஆய்வுப் பிரிவுக்காக கோப்பர் குழு 2004இல் கொடுத்த அறிக்கையை இரு தரப்பும் இன்றுவரை மேற்கோள் காட்டுகின்றன. குற்றங்களில் பிடிபடும் துப்பாக்கிகளில் தாக்குதல் ரகத்தின் பங்கு, ஆராய்ந்த நகரங்களில் 17 முதல் 72 சதவீதம் வரை குறைந்திருந்தது. பெரிய ரவைக்கூடுகளின் புழக்கம் குறையவில்லை, பழைய கையிருப்பு அந்த அளவு இருந்தது. தடைக்கு முன்பே துப்பாக்கிக் குற்றங்களில் தாக்குதல் ரகத்தின் பங்கு 2 முதல் 8 சதவீதம்தான் என்பதால், தடையைப் புதுப்பித்தாலும் மொத்த வன்முறையில் அதன் விளைவு சிறியதாகவே இருக்கும், அளவிட முடியாத அளவுக்குக்கூட இருக்கலாம் என்றார் கோப்பர். ‘பார்த்தீர்களா, பலனில்லை’ என்று ஒரு தரப்பு அந்த வரியைப் பிடித்துக்கொண்டது. பெரிய கூடுகளைக் குறைத்தால் காலப்போக்கில் பலன் தெரியலாம் என்று அதே அறிக்கை சொன்னதை மறு தரப்பு பிடித்துக்கொண்டது. பலன் தெரிவதற்குள் 2004 செப்டம்பர் 13 வந்துவிட்டது. சட்டம் செத்தது.

கோப்பர் அளந்தது எல்லாத் துப்பாக்கிக் குற்றங்களையும். கூட்டத்தில் புகுந்து கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுடும் படுகொலை தனி ரகம். அமெரிக்காவின் துப்பாக்கிக் கொலைகளில் அது சிறு துளி. 2019இல் எஃப்பிஐ கணக்குப்படி துப்பாக்கியால் கொல்லப்பட்டவர்கள் 10,258 பேர். அதில் ரைஃபிள் என்று பதிவானது எல்லா ரகமும் சேர்த்து 364. கைத்துப்பாக்கி 6,368. ஒட்டுமொத்தக் கொலையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் ஏஆர்-15ஐத் துரத்துவது பானையை விட்டுவிட்டு மூடியைக் கழுவுவது மாதிரிதான். ஆனால் ஒரே நிகழ்வில் பத்து, இருபது, ஐம்பது என்று சாவு ஏறும் இடங்களில் இந்த ரகம் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது. நியூடவுன், லாஸ் வேகாஸ், பார்க்லேண்ட், யூவால்டி ஆகிய ஊர்களில் நடந்த படுகொலைகள் அப்படிப்பட்டவை. கேள்வியை அந்த இடத்தில் வைத்துத்தான் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டவர்கள் தந்த பதில்கள் ஒன்றுக்கொன்று முட்டுகின்றன. ஆய்வாளர் லூயிஸ் கிளாரவஸ் ஆறு பேராவது இறந்த படுகொலைகளை மட்டும் எண்ணினார். தடைக்கு முந்தைய பத்தாண்டோடு ஒப்பிட்டால் தடைக்காலத்தில் அவை 37 சதவீதம் குறைந்தன, சாவுகள் 43 சதவீதம் குறைந்தன, தடை போன பிறகு இரண்டும் பன்மடங்கு எகிறின என்றார். 2019இல் சார்ல்ஸ் டிமாஜியோ தலைமையில் மருத்துவர்கள் செய்த ஆய்வு, தடைக்காலத்தில் இப்படிப்பட்ட சாவுக்கான வாய்ப்பு 70 சதவீதம் குறைவாக இருந்தது என்றது. அன்றைய அதிபர் பைடன் மேடைகளில் பேசிய வாதத்துக்கு இதுபோன்ற எண்களே பலம். ஆனால் 37 ஆண்டுகளில் 44 நிகழ்வுகளை வைத்துக் கட்டிய கணக்கு டிமாஜியோவினுடையது. நான்கு சம்பவங்களை வேறு கட்டத்தில் போட்டாலே ஆட்டம் காணும். தவிர, 1990களின் தொடக்கத்திலிருந்தே அமெரிக்காவில் எல்லாக் குற்றமுமே சரிந்துகொண்டிருந்தது. அந்தச் சரிவில் சட்டத்தின் பங்கைத் தனியாகப் பிரித்தெடுப்பது பாலில் கலந்த தண்ணீரைப் பிரிப்பது போன்ற வேலை.

எதைப் ‘பெருந்திரள் துப்பாக்கிச்சூடு’ என்பது என்பதிலேயே ஒற்றுமை கிடையாது. நான்கு பேர் இறந்தால் என்பது பழைய வரையறை. நான்கு பேர் குண்டடி பட்டாலே என்பது ‘கன் வயலன்ஸ் ஆர்கைவ்’ என்ற தரவகத்தின் அளவுகோல். அதன்படி 2020 முதல் 2023 வரை ஆண்டுக்கு 600க்கு மேல். சாவைக் கணக்கிட்டு, அதிலும் பொது இடத்தில் நடந்ததை மட்டும் எடுத்தால் ஆண்டுக்கு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். அளவுகோலை மாற்றினால் நாடே மாறிவிடுகிறது. லாஸ் வேகாஸ் ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017 அக்டோபர் 1 இரவு, ஹோட்டலின் 32ஆவது மாடியிலிருந்து இசை விழாக் கூட்டத்தின் மேல் பத்து நிமிடத்துக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட ரவைகள் இறங்கின. பின்னால் காயங்களால் இறந்தவர்களையும் சேர்த்து 60 பேர். ஓர் இரவு, ஒரு மனிதன், ஒரு பத்தாண்டின் சராசரியையே தூக்கிவிட்டான். இத்தனைக்கும் 1996 முதல் இருபதாண்டுக்கு மேலாக, துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு வாதாட அரசுப் பணத்தைச் செலவழிக்கக் கூடாது என்ற விதி ஒன்றைக் காட்டி, நோய்க்கட்டுப்பாட்டு மையம் இந்தப் பக்கமே தலைவைக்காமல் இருந்தது. ஆய்வுக்கென்று 2.5 கோடி டாலரை நாடாளுமன்றம் மறுபடி ஒதுக்கியது 2019 கடைசியில்தான்.

முட்டல்களுக்கு நடுவே ஒரு விஷயம் மட்டும் வெவ்வேறு கைகளில் ஒரே மாதிரி வருகிறது. கிளாரவஸும் ஹார்வர்டின் டேவிட் ஹெமன்வேயும் இன்னொருவரும் சேர்ந்து 1990 முதல் 2017 வரை ஆறு பேராவது இறந்த 69 நிகழ்வுகளை ஆராய்ந்தார்கள். பெரிய ரவைக்கூடு பயன்பட்ட இடங்களில் சராசரிச் சாவு 62 சதவீதம் அதிகம். அத்தகைய கூடுகளைத் தடை செய்யாத மாநிலங்களில் இந்த வகைப் படுகொலைகள் இருமடங்குக்கு மேல் நடந்தன. ஜான்ஸ் ஹாப்கின்ஸின் டேனியல் வெப்ஸ்டர் குழு 2020இல், வாங்குபவருக்கு முன் உரிமம் கேட்கும் சட்டமும் பெரிய கூட்டுக்கான தடையும் குறைந்த சாவுகளோடு சேர்ந்து வருகின்றன, தாக்குதல் துப்பாக்கித் தடைக்கு அப்படித் தெளிவான சான்று இல்லை என்றது. எந்தப் பக்கமும் சாயாமல் எல்லா ஆய்வுகளையும் சல்லடையில் போட்டுச் சலிக்கும் ராண்ட் நிறுவனம், துப்பாக்கித் தடைக்கு ‘முடிவு சொல்ல முடியவில்லை’ என்றும், ரவைக்கூட்டுத் தடைக்கு ‘வரம்புக்குட்பட்ட சான்று உண்டு’ என்றும் முத்திரை குத்தியிருக்கிறது. வரம்புக்குட்பட்டது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆனாலும் ஒன்றுமில்லாததற்கும் கொஞ்சம் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

காரணம் டூசான் வாசலில் தெரிந்ததுதான். கூடு மாற்றப் பழகிய கைக்கு இரண்டு மூன்று வினாடி போதும், பதற்றத்தில் கொஞ்சம் கூடும். அந்த இடைவெளியில் ஒருவன் ஓடலாம், ஒருத்தி பாயலாம். 2012 டிசம்பரில் நியூடவுனின் சேண்டி ஹூக் பள்ளியில் ஐந்து நிமிடத்துக்குள் 154 ரவைகளால் 20 குழந்தைகளையும் ஆறு பெரியவர்களையும் கொன்றவன், முப்பது ரவைக் கூடுகளோடு வந்திருந்தான். ஒரு வகுப்பறையில் அவன் துப்பாக்கி சற்று நின்ற நேரத்தில் சில குழந்தைகள் தப்பி ஓடினார்கள்.

இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. அதை ஒளிப்பது நேர்மையாகாது. 2007 ஏப்ரல் 16, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம். இரண்டு கைத்துப்பாக்கி, பத்தும் பதினைந்தும் கொள்ளும் சாதாரணக் கூடுகள். நோரிஸ் ஹால் கட்டடத்தின் வாசல்களைச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு, பத்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் 174 ரவை சுட்டான் ஒரு மாணவன். அன்று மொத்தம் 32 பேர் பலி. அவர்களில் ஒருவர் கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து போய்க் கால் நூற்றாண்டாக அங்கே நீரியல் கற்பித்த பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோதே கொல்லப்பட்டார். ஆளுநர் அமைத்த விசாரணைக் குழு, 1994 சட்டம் உயிரோடு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தது. பத்து ரவைக் கூடுகள் மட்டும் கிடைத்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்பது அதன் முடிவு. பூட்டிய கட்டடம், நிறைய கூடுகள், போதுமான நேரம் இருந்தால் எண்ணிக்கை வரம்பும் தோற்கும். தடை அமலில் இருந்த 1999இல் நடந்த கொலம்பைன் படுகொலையில், கொலைகாரர்களில் ஒருவன் வைத்திருந்த கார்பைன் என்ற குட்டை ரைஃபிளின் கூடுகள் பத்து ரவை கொள்பவைதான். அவன் நிறைய கூடுகளைச் சுமந்து வந்தான்.

மாநிலங்கள் தனித்தனியாகக் கட்டிய வேலிகளின் கதை இதைவிடச் சுவையானது, கசப்பானதும்கூட. கலிஃபோர்னியாவின் ‘புல்லட் பட்டன்’ ஓர் உதாரணம். கழற்றி மாட்டும் கூடு இருந்தால்தானே தாக்குதல் துப்பாக்கி? கருவி இல்லாமல் கழற்ற முடியாத கூடு ‘நிலையான கூடு’. விதியில் ஒரு ரவையும் கருவி என்றே எழுதியிருந்தது. விடுவார்களா? கூட்டை விடுவிக்கும் பொத்தானை விரல் நுழையாத குழிக்குள் வைத்தார்கள். ரவையின் முனையால் குத்தினால் கூடு கழன்று விழும். கொல்ல வந்த பொருளே சாவியும் ஆனது. 2015 டிசம்பரில் சான் பெர்னார்டினோவில் 14 பேரைக் கொன்ற தம்பதி, இப்படிச் சட்டப்படி விற்ற துப்பாக்கிகளைத் திருத்தித்தான் பயன்படுத்தினார்கள். அடுத்த ஆண்டு அந்த ஓட்டையை அடைத்தது மாநிலம்.

நியூடவுன் நடந்த கனெக்டிகட்டில் 1993 முதலே தடை உண்டு. கொலைகாரனின் தாய் வாங்கிய புஷ்மாஸ்டர் துப்பாக்கி, அந்தத் தடையின் அங்க அடையாளத்துக்குள் வராமல் சட்டப்படி விற்றது. 2022 மே மாதம் பஃபலோவில் கறுப்பினத்தவர் பத்துப் பேரைக் கொன்றவன், நியூயார்க் சட்டத்துக்காகக் கூட்டைப் பூட்டி வைத்திருந்த சிறு கருவியைப் பிடுங்கிவிட்டு முப்பது ரவைக் கூட்டை மாட்டினான். அதே ஆண்டு ஜூலை 4, சிகாகோவை ஒட்டிய ஹைலேண்ட் பார்க்கில் சுதந்திர தின ஊர்வலத்தின் மேல் ஒரு நிமிடத்துக்குள் 83 ரவை. ஏழு பேர் பலி. அந்த ஊரில் 2013 முதலே நகரத் தடை இருந்தது, உயர் நீதிமன்றங்கள் வரை போய் நிலைத்த தடை. பக்கத்து ஊர்க்காரன் மாநிலச் சட்டப்படி வாங்கிய துப்பாக்கியோடு வந்தான். ஊர் எல்லையில் சுங்கச்சாவடியா இருக்கிறது?

ஒப்பிட்டுப் பார்க்க ஆஸ்திரேலியாவை எல்லோரும் இழுப்பார்கள். இழுக்கலாம், ஆனால் அங்கே நடந்தது வேறு சங்கதி. 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பன்னிரண்டாம் நாள், பழமைவாதப் பிரதமர் ஜான் ஹோவர்ட் எல்லா மாநிலங்களையும் ஒரே ஒப்பந்தத்துக்குக் கொண்டுவந்தார். கைப்பிடி, கொக்கி என்று அடையாளம் பார்க்காமல் அரைத் தானியங்கி ரைஃபிள்களை மொத்தமாகத் தடுத்தார்கள். மருத்துவக் காப்பீட்டு வரியைக் கொஞ்சம் ஏற்றி, அந்தப் பணத்தில் சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி நொறுக்கினார்கள். அதற்கு முந்தைய 18 ஆண்டில் ஐந்து பேராவது இறந்த 13 படுகொலைகள் நடந்திருந்தன. அடுத்த 22 ஆண்டில் ஒன்றுகூட இல்லை. 2018இல் ஒரு பண்ணை வீட்டில் குடும்பத்துக்குள் நடந்த கொலை அந்தத் தொடரை முறித்தது. 2025 டிசம்பரில் சிட்னியின் போண்டை கடற்கரையில் யூதர்களின் விழாக் கூட்டத்தில் 15 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, சுட்டவர்களில் ஒருவர் உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருந்தவர் என்பது தெரிந்தது. ஒருவர் எத்தனை துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்ற பழைய கேள்வி அங்கே மறுபடி எழுந்துவிட்டது.

நியூசிலாந்தின் அனுபவம் ரவைக்கூட்டின் கதைக்கு இன்னும் நெருக்கமானது. 2019 வரை அங்கே ஏழு ரவைக் கூட்டோடு இருந்தால் சாதாரண உரிமத்தில் அரைத் தானியங்கி வாங்க முடிந்தது. முப்பது ரவைக் கூட்டை மாட்டினால் அதே துப்பாக்கி சிறப்பு அனுமதி கேட்கும் ரகமாகிவிட்டது. ஆனால் அந்தக் கூட்டை யார் வேண்டுமானாலும் உரிமமே இல்லாமல் வாங்க முடிந்தது. 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன் அந்த இடுக்கில்தான் நுழைந்தான். ஆறே நாளில் தடை அறிவித்தார் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன். நாடாளுமன்றத்தில் 119க்கு 1. இருக்கும் துப்பாக்கிகளையும் அரசு விலைக்கு வாங்கியது.

அமெரிக்காவில் அந்த வழி அடைத்துக் கிடக்கிறது. ஏஆர் ரகத் துப்பாக்கிகள் இரண்டு கோடிக்கு மேல் புழக்கத்தில் இருப்பதாகத் துப்பாக்கித் தொழில் சங்கமே பெருமையோடு சொல்கிறது. நியூடவுனுக்குப் பிறகு 2013இல் புதிய தடை மசோதா செனட்டில் 40க்கு 60 என்று படுத்தது. 2022இல் பிரதிநிதிகள் சபை 217க்கு 213இல் நிறைவேற்றியதை செனட் தொடவேயில்லை. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம், துப்பாக்கிச் சட்டம் எதுவும் நாட்டின் வரலாற்று மரபுக்கு ஒத்திருக்க வேண்டும் என்று விதித்தது. பலன் இருக்கிறதா என்று ஆய்வாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்விக்கு அந்த அளவுகோலில் இடமே இல்லை. 2025 ஜூனில் மேரிலாந்துத் தடைக்கு எதிரான வழக்கை எடுக்க அந்த நீதிமன்றம் மறுத்தது. இன்னும் ஓரிரு ஆண்டில் இந்தக் கேள்வியை எடுத்தாக வேண்டும் என்று நீதிபதி பிரெட் கவனா தனியாகக் குறிப்பெழுதினார்.

இதற்கிடையில் மாநிலங்கள் தம் வழியில் நடக்கின்றன. ஹைலேண்ட் பார்க்குக்குப் பிறகு இல்லினாய் 2023 ஜனவரியில் தடை கொண்டுவந்தது, பழையதை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்றது. மாநிலத்தில் துப்பாக்கி அடையாள அட்டை வைத்திருப்போர் இருபது லட்சத்துக்கு மேல். கெடு முடிந்தபோது பதிவு செய்தவர்கள் நூற்றில் ஒருவரைச் சற்றே தாண்டினார்கள். பல மாவட்டங்களின் ஷெரிஃப்கள் இதை அமல்படுத்த மாட்டோம் என்று வெளிப்படையாகவே அறிவித்திருந்தார்கள்.

கொலராடோவில் மட்டும் ஒருவர் தலைகீழாக யோசித்தார். டாம் சல்லிவன். 2012 ஜூலையில் அரோரா திரையரங்கில் கொல்லப்பட்ட பன்னிரண்டு பேரில் ஒருவரின் தந்தை. அன்று கொலைகாரன் கையிலிருந்த நூறு ரவை வட்டக் கூடு சிக்கிக்கொண்டதால்தான் சாவு அத்தோடு நின்றது. மறு ஆண்டே கொலராடோ பதினைந்து ரவைக்கு மேற்பட்ட கூடுகளைத் தடை செய்தது. ஆனால் பக்கத்து மாநிலக் கடையில் கிடைக்கிறது, கண்காணிக்க ஆளில்லை. 2021இல் போல்டர் நகரின் மளிகைக் கடையில் பத்துப் பேரைக் கொன்றவனிடம் தடை செய்த கூடுகள் இருந்தன. கொலைக் குற்றங்களோடு அதற்கும் ஆறு தனிக் குற்றச்சாட்டுகளில் தண்டிக்கப்பட்டான். மாநில செனட்டரான சல்லிவன் இந்த முறை கைப்பிடியையும் கொக்கியையும் கண்டுகொள்ளவே இல்லை. கூட்டைக் கழற்றி மாட்டும் அரைத் தானியங்கிகளின் விற்பனையையே நிறுத்தும் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய கட்சியைச் சேர்ந்த ஆளுநரே தயங்கினார். பேரம் நடந்தது. 2025 ஏப்ரலில் கையெழுத்தானபோது, ஷெரிஃபிடம் அனுமதி வாங்கி, பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்து தேர்வு எழுதி முடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று அது மாறியிருந்தது. இந்த விதி 2026 ஆகஸ்ட் 1 முதல்.